ஏழாம் நம்பரில் நூல் பெருகிடுத்து

அழகியமணவாளனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். அதற்கு மேல் எந்த வண்டியும் தெரியாது. அப்படியிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குடியிருந்த தெருவில் பாதிப் பேர் அவரை டிரைவர் என்றே நினைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் அவருடைய மனைவி அரவிந்தவல்லி. ஆத்துக்காரர் என்ன பண்ணுகிறார் என்று யார் கேட்டாலும், அவர் சொல்லிக் கொடுத்தபடியே, "ராஜபாளையத்துல ஒரு கம்பெனியில டிரைவர் எழுதறார்" என்பாள். கேட்டவர்களுக்குக் கடைசிச் சொல் காதில் ஏறாது. எதிர்வீட்டு ஸுந்தரராஜன் ஒருநாள் காலையில் வந்து, அழகர்கோயிலுக்குப் போக வேன் பேசியிருப்பதாகவும், ஓட்டிக்கொண்டு வர முடியுமா என்றும் கேட்டார். மணவாளன் அது வேறு டிரைவர் என்று கால்மணி நேரம் விளக்கினார். ஸுந்தரராஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ லாரி மட்டுந்தானா?" என்றார்.

உண்மையில் அவர் வேலை இதுதான். ராஜபாளையத்தில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் பின்புறம், முன்பு பஞ்சு அடைத்து வைத்திருந்த கிட்டங்கியில் வைகுண்டராஜ் என்பவர் எலெக்ட்ரானிக் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் வைகுண்டராஜ், மணவாளன், டைப்பிஸ்ட் ஜெயபாய், ஒரு கம்ப்யூட்டர். மில்களில் ஓடும் மிசின்களைக் கண்காணிக்கும் பெட்டி ஒன்றை அவர்கள் செய்து விற்றார்கள். எந்த மிசினில் நூல் அறுந்தது என்று பெட்டியின் முகப்பில் சிவப்பு எண் எரியும். ஷிப்ட் முடிந்ததும் கணக்கைப் பிரிண்டரில் அடித்துத் தரும்.

அந்தப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. பெங்களூரில் யாரோ எழுதி, பிளாப்பியில் விற்றது. அதை மணவாளன் கல்யாண வீட்டுக் காரியஸ்தருக்கு ஒப்பிடுவார். எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று காரியஸ்தருக்குத் தெரியும். ஆனால் சமையல்காரரின் கோபமும் மேளக்காரரின் பிகுவும் அவருக்குப் புரியாது. ஒவ்வொருவருக்கும் நடுவே, அவரவர் குணமறிந்து பேச ஒரு ஆள் வேண்டும். பிரிண்டருக்கு ஒரு ஆள், சிவப்பு எண்ணுக்கு ஒரு ஆள், மிசினிலிருந்து வரும் ஒயருக்கு ஒரு ஆள். அந்த ஆள்தான் டிரைவர். புதுச் சாமான் எதையாவது பெட்டியில் மாட்டினால், அதற்கு மணவாளன் புது டிரைவர் எழுதி, சிஸ்டத்தோடு சேர்த்து, முழுவதையும் ஒரே தொகுப்பாகப் புதிதாக பில்ட் செய்து, சிப்பில் ஏற்ற வேண்டும். இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு அரவிந்தவல்லிக்கு எல்லாம் புரிந்தது. "அப்போ நீங்க தரகர்" என்றாள்.

1993-ஆம் வருஷம் வைகாசியில் வைகுண்டராஜ் ஒரு மில்லுக்குப் போய்விட்டு வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டே சொன்னார்.

"மணவாளன், தவசிமுத்து அண்ணாச்சி மில்லுல ஒரு சின்ன வேலை. பெட்டி பேசணுமாம்."

"பேசணுமா?"

"அண்ணாச்சி பம்பாய்க்குப் போயிருக்காக. அங்க ஒரு லிப்ட்டு, மாடி வந்தாச்சு மாடி வந்தாச்சுன்னு பொம்பளக் குரல்ல சொல்லிருக்கு. அவுகளுக்கு அதே நெனப்பா இருக்கு. நம்ம சிவப்பு எண்ண மில்லுல யாரும் நிமிந்து பாக்கதில்லையாம். மூணாம் நம்பர்ல நூல் அறுந்துச்சுன்னு ஸ்பீக்கர் கொழாயில சத்தமாச் சொல்லணுங்காக."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"சரின்னுட்டேன். பொறவு என்ன சொல்ல?"

வைகுண்டராஜ் எதற்கும் முடியாது என்று சொல்லி மணவாளன் கேட்டதில்லை. கூமாப்பட்டி விவசாயி ஒருவர், பன்றி வந்தால் கிணற்று மோட்டார் தானாக ஓட வேண்டும் என்று கேட்டபோதும் சரி என்றுதான் சொன்னார்.

பேசும் சிப் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தது. விரல் நீளம்கூட இல்லை. இருபது விநாடிப் பேச்சை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். எந்த இடத்திலிருந்து பேச வேண்டும் என்று சொன்னால் அங்கிருந்து பேசும். ஒரு சொல் முடிந்ததும் தன் கம்பிக் கால்களில் ஒன்றின் வழியாக நொடிப்பொழுது சைகை காட்டும். டிரைவர் அதைக் கவனித்து உடனே வாயை மூடவைக்க வேண்டும். கவனிக்கத் தவறினால், சிப் பாட்டுக்கு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். நிறுத்தத் தெரியாமல் பேசுகிறவர்கள் மணவாளனின் உறவில் பலர் இருந்ததால், அதன் குணம் அவருக்கு உடனே பிடிபட்டது.

டிரைவரை எழுதி முடிப்பது பெரிய பாடாக இல்லை. சிஸ்டத்தோடு சேர்ப்பதுதான் பாடு. பில்ட் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். ராஜபாளையத்தில் முக்கால் மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருந்தால் அன்றைக்கு ஏதோ மந்திரி வருகிறார் என்று அர்த்தம். பில்ட் முடிந்தால், சிப்பில் ஏற்கெனவே எழுதியிருப்பதை ஊதா வெளிச்சத்தில் காட்டி அழிக்க வேண்டும். அதற்கென்று வைகுண்டராஜ் ஒரு தகர டிபன் பெட்டிக்குள் ஊதா விளக்கு மாட்டி வைத்திருந்தார். விளக்கைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சாக்பீஸால் எழுதிய அந்தப் பெட்டியை ஜெயபாய் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டி என்று நினைத்து ஒருமுறை திறந்துவிட்டாள். அன்று முழுவதும் கண் சிவந்து, யாரோ இறந்துபோனது போல உட்கார்ந்திருந்தாள்.

முதல் பில்ட்டைச் சிப்பில் ஏற்றி மாட்டினார் மணவாளன். பெட்டி பேசவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தார். சாலிடரைப் பார்த்தார். பேசும் சிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஸ்பீக்கரையே மாற்றினார். வைகுண்டராஜ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்தார். அதனால் என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் மணவாளன் தற்செயலாக பில்ட்டின் அளவைப் பார்த்தார். டிரைவர் எழுதுவதற்கு முந்தின வாரம் எவ்வளவு இருந்ததோ, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் கூடாமல் அதே அளவு இருந்தது. புது டிரைவரின் பெயரை பில்ட்டில் சேர வேண்டியவர்களின் வரிசையில் எழுத அவர் மறந்திருந்தார். ஆளை வேலைக்கு எடுத்துவிட்டு வாசல் கதவைத் திறக்காமல் விட்டது போல. இரண்டு நாளாகத் தெருவிலேயே நின்றிருந்தது டிரைவர்.

பெயரைச் சேர்த்தார். இப்போது பில்ட் கொழுத்துவிட்டது, சிப்பில் அடங்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் பிளாப்பி டிரைவுக்கும் ஒரு டிரைவர் வைத்திருந்தார்கள். மில் பெட்டிக்கு அது எதற்கு? மணவாளன் அதைத் தூக்கினார். உடனே பிரிண்டர் டிரைவர் படுத்துவிட்டது. செத்த நேரம் பொறு என்று சொல்லும் ஒரு சின்னப் பகுதியை அது பிளாப்பி டிரைவரிடம்தான் இரவல் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பகுதியை மட்டும் திரும்ப எடுத்து வைத்தார். பெட்டி முதல் முறையாக, "கர்ர்ர்" என்றது. வைகுண்டராஜ் கை தட்டினார்.

இனிக் குரல் வேண்டும்.

வைகுண்டராஜே முதலில் பேசினார். குழாயில் கேட்டபோது சந்தையில் பூட்டு விற்பது போல இருந்தது. பிறகு ஜெயபாயைப் பேசச் சொன்னார்கள். சர்ச்சில் பாடம் வாசிக்கும் பழக்கம் அவளுக்கு. "ஒன்றாம்... எண்... இயந்திரத்தில்..." என்று இழுத்து நிறுத்தி அவள் மூன்றாம் எண்ணுக்கு வருவதற்குள் இருபது விநாடியும் தீர்ந்துவிட்டது.

"ஒங்க வீட்டம்மாவக் கேளுங்களேன்," என்றார் வைகுண்டராஜ். "அன்னைக்கு வீட்டுக்கு வந்தேன்லா. உள்ள இருந்து ஒரு சத்தம் குடுத்தாக, தெரு மொனையில போன காய்காரர் திரும்பி வந்துட்டாரு."

மில் இரைச்சலில் கேட்க அப்படிப்பட்ட குரல்தான் வேண்டும். மணவாளன் பதிவு செய்யும் சாமானை ஒரு பையில் போட்டுக்கொண்டு அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். அரவிந்தவல்லி சந்தோஷமாகவே சம்மதித்தாள். பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள். ஒன்றாம் நம்பரிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் வரை கணீர் என்று, இழுக்காமல், ஒரே மூச்சாகச் சொல்லிவிட்டாள். மணவாளனுக்குப் பூரிப்பாக இருந்தது. அடுத்த சீட்டை நீட்டினார். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நூல் அறுந்ததுன்னு எழுதியிருக்கேள். சுமங்கலி வாயால அதைச் சொல்லலாமா?"

"வல்லி, இது மில்லு நூல்."

"கேக்கறவாளுக்கு என்ன தெரியும்? உங்க பூணூலா என் திருமாங்கல்யச் சரடா, எது அறுந்துதுன்னு தெரியாம நாள் முழுக்க ஊருக்கெல்லாம் குழாய் வெச்சுச் சொல்லணுமா? ஒருநாள் ரெண்டுநாளா? மிசின் ஓடற மட்டும் சொல்லிண்டே இருக்குமோன்னோ?"

மணவாளன் யோசித்தார். டிரைவரில் எத்தனையோ தப்புகளுக்கு வழி வைத்திருந்தார். இதற்கு வைக்கவில்லை.

"சரி, வேற எப்படிச் சொல்லலாம்?"

"சரடு இத்துப் போனா நாம என்ன சொல்லுவோம்? பெருகிடுத்துன்னுதானே? அப்படிச் சொல்றேன்."

"நூல் பெருகிடுத்து?"

"ஏன், அழகாத்தானே இருக்கு."

எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்தார் மணவாளன். ஒரே ஒரு எழுத்துதான் கூட. சிப்புக்கு ஆட்சேபம் இல்லை. மிசினுக்கு எண்ணெய் விட வேண்டிய நேரத்தில் சொல்லும் வாக்கியத்தில் அவள் தலையிடவில்லை. ஆனால் "வேலை முடிந்தது, போகலாம்" என்பதை "ஷிப்ட் முடிஞ்சுது, போயிட்டு வாங்கோ" என்று மாற்றினாள். போகலாம் என்று யாரிடமும் சொல்லக் கூடாதாம். அதைச் சொல்லி முடித்த மூச்சோடு மூச்சாக, அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏன்னா, பால் பொங்கறது, அடுப்பைக் குறைங்கோ" என்றாள். மணவாளன் பட்டனிலிருந்து கையை எடுப்பதற்குள் அதுவும் சிப்பில் ஏறிவிட்டது.

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து அவர் யோசித்தார். மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யலாம். ஆனால் அதற்குள் அரவிந்தவல்லிக்கு எண்ணெய் என்ற சொல்லிலும் ஏதாவது குறை தோன்றிவிட்டால்? பால் இருக்கும் இடம் டிரைவருக்குத் தெரியாது. அங்கிருந்து பேசு என்று யாரும் சொல்லப் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

தவசிமுத்துவின் மில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கும் டபுளிங் மில். பன்னிரண்டு மிசின்கள். நான்கு மூலையிலும் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரிக் குழாய் கட்டியாயிற்று. மணவாளன் சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில், "அஞ்சாம் நம்பர். நூல் பெருகிடுத்து" என்று கொட்டகை முழுவதும் முழங்கியது. ஐந்தாம் மிசினில் நின்ற பெண் இழையை ஒட்டப் போகுமுன் தன்னையறியாமல் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் மிசின் சீனியம்மாள், ஏழாம் மிசின் இசக்கியம்மாளைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏட்டி இசக்கி, யாரு பெத்த மகளோ, எம்புட்டு பக்குவமாச் சொல்லுதா பாரு."

"நம்ம சூப்பர்வைசரும் இருக்காரே. அறுந்துச்சு அறுந்துச்சுன்னு வாயில வெளங்குதா?" என்றாள் இசக்கியம்மாள்.

சூப்பர்வைசர் குருசாமி காதில் விழாதது போலப் போய்விட்டார். அவருக்கும் அர்த்தம் புரிந்துதான் இருந்தது. மில்லில் புரியாத ஒரே ஆள், தவசிமுத்துவின் மகன் சோலைராஜ். மெட்ராஸில் பி.காம். படித்துவிட்டு அந்த வருஷந்தான் மில்லுக்கு வந்திருந்தான். கல்யாணம் ஆகவில்லை. விடுதியிலேயே வளர்ந்தவன். அப்பா சரக்கு விஷயமாக வெளியூரில் இருந்த அந்த மாதங்களில் மில்லை அவன்தான் பார்த்துக்கொண்டான். புரொடக்சன் என்ற சொல்லைச் சொல்லாமல் அவன் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. குழாய் வந்த முதல் வாரமே அவனுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மற்ற மிசின்களில் எப்போதாவதுதான் நூல் பெருகுகிறது. இரண்டாம் நம்பரில் நாள் கணக்கில் பெருகுவதே இல்லை. ஏழாம் நம்பரில் மட்டும் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கிறது.

"குருசாமி அண்ணே, அந்த ஏழாம் நம்பர்ல அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டான்.

குருசாமி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஏழாம் நம்பரில் ரோலர் தேய்ந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வரும்.

"அது இசக்கியம்மா கைராசி தம்பி," என்றார்.

சோலைராஜ் தலையாட்டிக்கொண்டான். ஆயுத பூஜைக்கு மில்லில் புது வழக்கமாக ஒரு பரிசு என்று அறிவித்தான். நூலை அதிகமாகப் பெருக்கிய மிசின்காரிக்கு எவர்சில்வர் குடம்.

சீனியம்மாள் இரண்டு நாள் ஏழாம் நம்பரையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், தன் மிசினில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு இழையை யாரும் பார்க்காதபோது விரலால் சுண்டிவிட்டாள். "ரெண்டாம் நம்பர். நூல் பெருகிடுத்து" என்றது குழாய். சோலைராஜ் கண்ணாடி அறையிலிருந்து அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அன்று பிற்பகலில் மிச்ச மிசின்களிலும் நூல் பெருக ஆரம்பித்தது. குருசாமி கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், ஒங்க பெட்டியக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்ல முடியுமா?"

"ரிப்பேரா?" என்றார் மணவாளன்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆளுகதான் ரிப்பேராயிட்டாக."

மணவாளனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூஜையன்று நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஆயுத பூஜையன்று காலை ஷிப்ட் மட்டுந்தான். முடிந்ததும் மிசின்களுக்குப் பொட்டு வைத்துப் பூஜை, பிறகு பரிசு, பொரிகடலை. தவசிமுத்து ஊரிலிருந்து வந்திருந்தார். கூடவே மதுரையிலிருந்து நூல் வாங்குகிற இரண்டு பேர். பேசுகிற பெட்டியைக் காட்டுவதற்கென்றே அழைத்து வந்திருந்தார். வைகுண்டராஜும் மணவாளனும் வெள்ளை வேட்டியில் ஓரமாக நின்றார்கள். சோலைராஜ் அவசரப்பட்டு, ஷிப்ட் முடியுமுன்பே குடத்தை இசக்கியம்மாள் கையில் கொடுத்துவிட்டான்.

"எதுக்குப்பா குடம்?" என்று தவசிமுத்து கேட்டதும், ஷிப்ட் மணி அடித்ததும், மிசின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததும், பிரிண்டர் கணக்கை அடிக்கத் தொடங்கியதும் ஒன்றாகவே நடந்தன. கடைசியாக ஓய்ந்த ஏழாம் நம்பர் ஓய்கிற வேகத்தில் ஒரு இழையை அறுத்துக்கொண்டது.

"ஏழாம் நம்பர். நூல் பெருகிடுத்து," என்றது குழாய்.

தவசிமுத்து விருந்தாளிகளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். குழாய் நிற்கவில்லை.

"எண்ணெய் போடுங்கோ. ஷிப்ட் முடிஞ்சுது, போயிட்டு வாங்கோ. ஏன்னா, பால் பொங்கறது, அடுப்பைக் குறைங்கோ."

மிசின் ஓயாத நேரமாக இருந்தால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. இப்போது கொட்டகையில் ஊசி விழுந்தால் கேட்கும். பிரிண்டர் மட்டும் கரகரவென்று அடித்துக்கொண்டிருந்தது. மணவாளன் பழக்க தோஷத்தில் "இதோ" என்று இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது.

"எந்த அடுப்பு?" என்றான் சோலைராஜ்.

மதுரைக்காரர்களில் ஒருவர், "இங்க பால் யாவாரமும் உண்டோ அண்ணாச்சி?" என்று கேட்டார். சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நூல் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தவசிமுத்து மணவாளனைப் பார்த்தார். அந்த இரண்டு அடியிலிருந்து அவருக்கு விஷயம் புரிந்திருந்தது.

"ஒங்க வீட்டம்மாவா சார்?"

"ஆமா."

"பால் என்னாச்சு?"

"அன்னிக்கு வழிஞ்சுடுத்து."

தவசிமுத்து கொஞ்சம் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே சோலை, குடம் எதுக்குன்னு கேட்டேன்லா."

"ஏழாம் நம்பர்லதான்ப்பா நூல் அதிகமாப் பெருகுது. புரொடக்சன்ல..."

"ஒங்கம்மா கழுத்துக் கயிறு இத்துப் போச்சுன்னா என்ன சொல்லுவா?"

சோலைராஜ் யோசித்தான். அம்மா அதைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

"பெருகிருச்சும்பா," என்றார் தவசிமுத்து.

அவன் முகத்தில் கடந்த மாதங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது. கொட்டகையே அவனுக்காகக் காத்திருந்தது. கடைசியில் அவன் மெதுவாக இசக்கியம்மாளின் கையிலிருந்த குடத்தைப் பார்த்தான். அவள் அதை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏழாம் நம்பர் அறுத்த நூல அம்புட்டையும் ஓடி ஓடி ஒட்டுனது ஆரு மொதலாளி? நான்தான். கொடம் எனக்குத்தான்," என்றாள்.

"ஒனக்குத்தான்" என்றார் தவசிமுத்து. "குருசாமிக்கு என்ன குடுக்கலாம்னு பொறவு பாப்போம்."

குருசாமி ஏழாம் நம்பர் ரோலருக்குப் பயபக்தியோடு பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மணவாளன் பெட்டியைக் கிட்டங்கிக்குக் கொண்டுவந்து திறந்துவைத்து உட்கார்ந்தார். இத்தனை நாள் ஒழுங்காக வாயை மூடிய சிப் இன்று ஏன் மூடவில்லை? நூல் அறுவதும் பிரிண்டர் அடிப்பதும் இதற்கு முன் ஒரே நேரத்தில் வாய்த்ததில்லை என்பது அவருக்கு மில்லில் கொடுத்த பொரிகடலையைத் தின்றுகொண்டிருக்கும்போது தோன்றியது. பிரிண்டர் டிரைவருக்கு ஒரு வரியை அடித்து முடிக்கும் வரை வேறு யார் கூப்பிட்டாலும் கேட்பதில்லை என்று காதை அடைத்துக்கொள்கிற சுபாவம். பேசும் சிப் காட்டிய சைகையெல்லாம் அந்த நேரத்தில் காற்றில் போயிருக்கிறது. பிரிண்டர் டிரைவரை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை காதைத் திறந்து பார்க்கும்படி மாற்றி எழுதினார். மறுபடி முக்கால் மணி நேர பில்ட். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. பண்டிகை நாள்.

மறுநாள் மில்லில் மாட்டப் போனபோது தவசிமுத்து ஒரு நிபந்தனை போட்டார். பால் போக வேண்டும், பெருகலும் போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து போகிற இடம். நேரடியாக அறுந்துவிட்டது என்றே சொல்லட்டும். மணவாளனுக்கு வீட்டை நினைத்துக் கவலையாகிவிட்டது. வைகுண்டராஜ் வழக்கம்போல, "சரி அண்ணாச்சி" என்று சொல்லி முடிப்பதற்குள் சீனியம்மாள் முன்னால் வந்தாள். பின்னால் மற்றவர்களும்.

"மொதலாளி, அத மாத்தாதிய. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அறுந்துச்சு அறுந்துச்சுன்னு ஒரு பொம்பளக் கொரல் காதுல விழுந்தா, வீட்டுக்குப் போயிச் சோறு எறங்குமா? அந்தம்மா சொல்லுதது எங்களுக்குப் புரியுது. புரியாதவுக கல்யாணம் முடிக்கட்டும்."

கண்ணாடி அறையில் சோலைராஜ் தலையைக் குனிந்து எதையோ தேடினான். தவசிமுத்து சிரித்துவிட்டார். பால் மட்டும் போனால் போதும் என்றார்.

அதற்குப் பிறகு வைகுண்டராஜின் பெட்டி பல மில்களுக்குப் போனது. எல்லோரும் கேட்டது அந்தக் குரலைத்தான். டிரைவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அரவிந்தவல்லி ராஜபாளையத்துக்குத் துணி எடுக்க வந்தபோது பஸ்ஸில், "கண்டக்டர், ரெண்டு டிக்கெட்" என்றாள். பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அக்கா, நீங்க எங்க மில்லு அக்காதான?" என்றாள். உட்காரச் சொல்லி இடம் கொடுத்தாள். கூட நின்ற மணவாளனைப் பார்த்து, "இவுக யாரு?" என்றாள்.

"எங்காத்துக்காரர். டிரைவர் எழுதறார்," என்றாள் அரவிந்தவல்லி.

"டிரைவரா? அப்போ டிக்கெட்டு வாங்க வேண்டாமே."

மணவாளனுக்கு முதலில் கொஞ்சம் குறையாக இருந்தது. நாளாக ஆகப் பழகிவிட்டது. தெரு விளக்கு மாட்டியவரை யார் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார். புதுப் பெட்டியைச் சோதிக்கும்போது மட்டும், கிட்டங்கியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒருமுறை முழுதாகப் பேசவிட்டுக் கேட்பார். சோதனைக்கு அவ்வளவு தேவையில்லை.

1996-இல் தெலுங்கு பேசும் முதலாளி ஒருவர், தன் மில்லில் நம்பரையாவது தெலுங்கில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். வைகுண்டராஜ் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அரவிந்தவல்லி பாட்டு வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் அம்மாவிடம் கேட்டு ஒரே நாளில் பாடம் பண்ணிக்கொண்டாள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. கணீர் என்று பதிவானது.

அந்த மில்லில் வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள். முதல் நாள் காலையில் மூன்றாவது மிசினில் நூல் அறுந்தது. குழாய், "மூடு நம்பர்" என்று ஆரம்பித்தது. முதல் சொல்லைக் கேட்டதுமே எல்லோரும் மிசினை மூடிவிட்டார்கள். கொட்டகை அடங்கிப் போயிற்று. கரண்ட் போய்விட்டதென்று நினைத்து முதலாளி ஜெனரேட்டரைப் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மணவாளன் இதைச் சொன்னபோது அரவிந்தவல்லி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"இப்போ என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"மூணை மட்டும் மாத்திடலாமா?" என்றார்.

அப்படியே மாற்றினார்கள். ஒகட்டி, ரெண்டு, மூணு, நாலுகு என்று குழாய் சொன்னது. யாரும் குறை சொல்லவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ராஜபாளையத்துக் கடைத்தெருவில் பலரும் எண்ணுவதே அப்படித்தான்.